சூரிய மின்வேலியின் பாட்டரி: அளவறிந்து காப்போம்

வத்திராயிருப்பு வட்டாரத்தில் மலையடிவாரத்தே தோப்பும் வயலும் வைத்திருப்போர்க்கு யானையும் காட்டுப்பன்றியும் புதியன அல்ல. அடுத்துள்ள மலைக்காடு 2021-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக விளங்குகிறது. விலங்கும் பிழைக்க வேண்டும். விளைச்சலும் பிழைக்க வேண்டும். இதற்குச் சூரிய மின்வேலி நல்ல துணை. ஆனால் நள்ளிரவில் பாட்டரி ஓய்ந்துவிட்டால் வேலி வெறும் கம்பியே. ஆகவே, பாட்டரியின் மேலுள்ள எண்களையும் மீட்டர் காட்டும் எண்ணையும் படிக்க நாம் கற்றல் வேண்டும்.

ஒரு பாட்டரியில் ‘12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி’ என எழுதியிருப்பதாகக் கொள்வோம். இதை நம் கண்மாயைக் கொண்டே விளக்கலாம். வோல்ட் என்பது மடையருகே நீர் நிற்கும் உயரம் போன்றது. ஆம்பியர்-மணி என்பது கண்மாயின் கொள்ளளவு போன்றது.

வேலிக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி அரை ஆம்பியர் எடுப்பதாயின், 12 மணி நேர இரவுக்கு 6 ஆம்பியர்-மணி செலவாகும். ஈய-அமிலப் பாட்டரியில் பாதிக்கு மேல் செலவிடாதிருத்தல் அதன் ஆயுளுக்கு நலம். எனவே 40-இல் நாம் எடுக்கத்தக்கது 20. வானம் மூடிக் கிடந்தாலும் மூன்று இரவுகள் தாங்கும்.

வோல்ட்டை அளக்க, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைக் கூட்டல் குறியிலும் கறுப்பு முனையைக் கழித்தல் குறியிலும் தொடுக. மின்னேற்றம் நடக்கும்பொழுது மீட்டர் 14 வோல்ட் வரை காட்டும். அதை நிறைவென்று நம்பலாகாது. காலையில் தகடு, கருவி இரண்டின் இணைப்பையும் நீக்கி, ஒரு மணி நேரமாவது கழித்து அளப்பதே முறை. அப்பொழுது 12.7 காட்டினால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால், 11.8 ஏறக்குறைய வெறுமை. ‘பன்னிரண்டு காட்டுகிறதே’ என்று மகிழ்வது தவறு என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. வண்டல் படிந்த கண்மாயிலும் நீர் கரைமட்டத்துக்கு நிற்கும். ஆனால் இரண்டு நாளில் வற்றிவிடும். பழைய பாட்டரியும் அத்தகையதே. மாலையில் 12.7 காட்டி, செடிகொடிகள் கம்பியில் படாதிருந்தும் விடியலில் 12-க்குக் கீழ் இறங்குமாயின், அதன் கொள்ளளவு போய்விட்டது என்று அறிக. மாற்றுவதே வழி. பழையதைக் குப்பையில் எறியாமல் விற்பனையாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். அதில் ஈயமும் அமிலமும் உள்ளன.

லித்தியம் பாட்டரிக்கு மேற்சொன்ன கணக்குப் பொருந்தாது. அதன் வோல்ட் நெடுநேரம் மாறாமல் நின்று, தீரும் தறுவாயில் சட்டென்று வீழும்.

பாட்டரி ஓய்ந்ததென்று வீட்டு மின்சாரத்தையோ பம்புசெட்டு மின்சாரத்தையோ வேலியில் நேரே இணைப்பது குற்றம். மனிதரையும் விலங்கையும் ஒருங்கே மாய்க்கும். மின்வேலிக் கருவியோ நொடிக்கு ஒருமுறையளவில் மிகக் குறுகிய துடிப்பையே அனுப்புகிறது; அதனால் அதிர்ச்சி உண்டு, பொதுவாக உயிர்ச்சேதம் நேர்வதில்லை.

ஊராட்சிக்கு ஒரு மல்டிமீட்டரும் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை அளந்து எழுதி வைப்போம். பாட்டரி தளர்வதைக் குறிப்பேடு முன்கூட்டியே காட்டிவிடும். மிதிபட்ட வயலைக் கண்டு அறிய வேண்டிய நிலை நமக்கு வாராது.