தெளிந்த தண்ணீரும் தாமதமாக வரும் காமாலையும்

மருத்துவமனைக்கு வந்து சேரும் நிலை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் நீரால் பரவும் நோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களைக் கவலையில் ஆழ்த்துவது நோயின் கடுமையை விட நோயாளி வந்து சேரும் தாமதமே ஆகும். வயிற்றுப்போக்கு தொடங்கி மூன்றாம் நாள், நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்த பிறகே குழந்தை தூக்கி வரப்படுகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் விழுங்கி, காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்ட இளைஞர், மறுவாரம் அதே டைபாய்டுடன் திரும்புகிறார். கண் மஞ்சளித்த பின் பத்து நாள் பச்சிலைச் சாறு குடித்த கர்ப்பிணி, நினைவு தடுமாறும்போதுதான் அழைத்து வரப்படுகிறார். இவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, வீட்டுத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்பதே.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்னும் இரு வைரஸ்களும் கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்குபவை; உடலில் புகுந்த நாளிலிருந்து அறிகுறி தெரிய இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகலாம் என்பதால், இன்று மஞ்சளித்த கண்ணுக்குப் பெரும்பாலும் போன மாதமே குடித்து முடித்த தண்ணீர்தான் பொறுப்பு. பழி மட்டும் நேற்றுச் சாப்பிட்ட ஓட்டல் பிரியாணியின் மீது விழுகிறது.

குழாய்க்குள் கழிவு நுழையும் வழி

ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரியும் மறுபக்கம் புழல் ஏரியும் இருந்தும், இவ்வட்டாரத்தின் பல வீடுகள் குழாய், போர், லாரி, கேன் ஆகிய நான்கையும் மாற்றி மாற்றி நம்பியே வாழ்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் கலந்து புறப்படும் நீரில், வீட்டுக் குழாயை அடையும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 10500 என்னும் இந்தியக் குடிநீர்த் தர அளவுகோல் கூறுகிறது. ஆனால் சில மணி நேரம் மட்டுமே நீர் விடப்படும் குழாய், மற்ற நேரங்களில் அழுத்தமின்றிக் கிடப்பதால், அதன் விரிசல்களின் வழியே பக்கத்துச் சாக்கடையின் கசிவு உள்ளே இறங்கிவிடுகிறது. தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுக்கும் வீடுகள், தமக்கும் அண்டை வீட்டாருக்கும் சேர்த்தே அந்தக் கசிவை உறிஞ்சுகின்றன.

2024 டிசம்பரில் தாம்பரம் மாநகராட்சியின் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்குடன் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்ற கேள்வியே முதலில் எழுந்தது. நிலத்தடி நீரின் நிலையும் கவலைக்குரியது. வீட்டுக் கழிவுநீரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கழிவும் கொரட்டூர் ஏரியில் கலப்பது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. செப்டிக் டேங்க் கசிவால் போர் நீரில் சேரக்கூடிய நைட்ரேட் என்னும் உப்பு, லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், அந்நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். இந்த உப்பு கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும்.

நம்பிக்கைகளும் உண்மையும்

வாடையும் கலங்கலும் இல்லாத தண்ணீர் சுத்தமானது என்பது முதல் தவறு. 1955 நவம்பரில் தில்லியின் குடிநீரில் கழிவு கலந்ததைத் தொடர்ந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. குளோரின் கூட்டப்பட்டிருந்ததால் டைபாய்டு பெருகவில்லை, வைரஸ் மட்டும் தப்பிக் குழாய் வழியே வீடுகளை அடைந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. பாக்டீரியாவை அழித்த நீரே வைரஸைச் சுமந்து வரும் என்றால், கண்ணும் மூக்கும் அதைக் கண்டுபிடிக்குமா?

டி.டி.எஸ். மீட்டர் குறைவான எண்ணைக் காட்டுவதால் நீர் பாதுகாப்பானது என்பது அடுத்த தவறு. அக்கருவி நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மதிப்பிடுகிறதே தவிர, கிருமியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சாக்கடை கலந்த நீரும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவுக்குள் அடங்கிவிடலாம். அந்த அளவுக்குக் குறைவான உப்புள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யுமாறு 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. பில்டர் மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் கருவியோ கிருமிக்குப் புகலிடமாகிறது.

கேன் தண்ணீரைக் கேள்வியே கேட்கக் கூடாது என்பதும் நம்பிக்கையே. உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத கேனில் இருப்பது ஏதோ ஒரு போர் தண்ணீராக இருக்கலாம். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைப் படிய வைக்கும். கிருமி எஞ்சியே இருக்கும். செம்புக் குடம் பல மணி நேரத்தில் பாக்டீரியாவைக் குறைக்கும் என்று ஆய்வுகள் கூறினாலும், அதை நம்பிச் சாக்கடை கலந்த நீரைக் குடிக்க முடியாது. வெதுவெதுப்பாகச் சூடாக்குவது கொதிக்க வைப்பதாகாது. கொதித்த நீரில் சூடு ஆறப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பட்ட பாடு முழுவதும் வீண்.

கீழாநெல்லியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இரத்தத்தால் பரவும் ஹெபடைடிஸ் பி வைரஸை நீண்டகாலம் சுமப்பவர்களைப் பற்றியது. அதன் முடிவைப் பின்வந்த ஆய்வுகள் பல உறுதி செய்யவில்லை. தண்ணீரால் வரும் காமாலைக்கு அது பொருந்தவும் இல்லை. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடுவதால், கடைசியாகக் குடித்த சாறே பெயரைத் தட்டிச் செல்கிறது. ஆனால் கடைசி மூன்று மாதத்தில் உள்ள கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அவரைப் பச்சிலையோடும் பத்தியத்தோடும் வீட்டில் வைத்திருப்பதும், கையில் சூடு போடுவதும், மூக்கில் சாறு விடுவதும் உயிரோடு விளையாடுவதன்றி வேறில்லை.

மருந்துக் கடையில் நடக்கும் வைத்தியம்

வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரையை, அதிலும் இரத்தம் கலந்து போகும் குழந்தைக்கு, மருத்துவரைக் கேளாமல் கொடுப்பதை எத்தனை முறை எச்சரித்தாலும் குடும்பங்கள் விடுவதாக இல்லை. தேவை மிக எளியது: ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாக மருந்தும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது, உப்பின் அளவைக் கூட்டிக் குழந்தையை மேலும் வாட்டும். டைபாய்டுக்கு இரத்தக் கல்ச்சர், காமாலைக்குக் கல்லீரல் பரிசோதனை, குடிநீருக்குக் கிண்டி கிங் நிலையம் போன்ற ஆய்வுக்கூடம் என்பதே பரிசோதனைகளின் சுருக்கம்.

இனியாவது

குடிநீரைக் கொப்பளித்துக் கொதிக்கவிட்டு, மேலும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்து, ஆறிய பின் மூடி வைத்து, கையை விட்டு மொள்ளாமல் குழாய் வைத்த பாத்திரத்தில் எடுக்க வேண்டும். சம்பையும் மேல்நிலைத் தொட்டியையும் ஆண்டுக்கு இருமுறையாவது கழுவ வேண்டும். வெள்ளநீர் புகுந்திருந்தால் கழுவி நிரப்பிய பின், 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஒரு மணி நேரம் விட வேண்டும். தெருக் குழாயில் நேரடியாகப் பொருத்திய மோட்டாரைத் தயவுசெய்து இன்றே கழற்றிவிட வேண்டும். குழாயில் முதலில் வரும் நீர் நாறினால் அதைக் கொட்டிவிட்டு அமைதியாகிவிடாமல், அம்பத்தூரில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும், ஆவடியில் மாநகராட்சியிலும், பூந்தமல்லியில் நகராட்சியிலும் அன்றே புகார் பதிய வேண்டும். கண் மஞ்சளித்த ஒருவரைக் கண்டால் நாட்டு மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கும் முன், குறிப்பாக அவர் கர்ப்பிணியானால், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாற்றைத் தேடி அலையும் ஒரு வாரத்தை அந்தத் தாயால் திரும்பப் பெற முடியாது.