பழைய காரில் பெட்ரோல் பம்ப் சத்தம் – காரணம் அறியும் முறை

கொடுமுடி வட்டாரத்தில் மஞ்சளும் கரும்பும் பயிரிடும் உழவர் பெருமக்கள் சிலரது வீடுகளில் அம்பாசிடர், பிரிமியர் பத்மினி, பெட்ரோல் ஜீப் போன்ற கார்புரேட்டர் வண்டிகளை இன்றும் காணலாம். அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. தரமான மாற்றுப் பாகம் தேடித்தான் வாங்க வேண்டும். ஆகவே பம்பில் சத்தம் கேட்டவுடன் அதைக் கழற்றி எறியாமல், முதலில் காரணத்தை அறிய வேண்டும்.

பம்ப் இயங்கும் விதம்

இவ்வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். கேம் ஷாப்ட் சுழலும்போது பம்பின் கைநெம்பு அசைந்து, உள்ளே உள்ள டயாபிரத்தை இழுக்கிறது. அப்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. பின்னர் ஸ்பிரிங் டயாபிரத்தைத் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்கிறது. எஞ்சின் இருமுறை சுற்றினால் பம்ப் ஒருமுறை இயங்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

வால்வு டாப்பெட்டும் இதே வேகத்தில்தான் தட்டும். எனவே இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையைப் பம்பின் மீது வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். பிறகு எஞ்சினின் மேல்மூடியிலும் அவ்வாறே செய்யுங்கள். சுழலும் விசிறி, பெல்ட் ஆகியவற்றில் துண்டு, சட்டை நுனி படக்கூடாது. பம்பில் சத்தம் அதிகமானால், அதன் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். நெம்பின் பின் தேய்ந்திருக்கலாம். அல்லது நெம்பைக் கேமுடன் அணைத்துப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங் வலுவிழந்திருக்கலாம். முதலில் போல்ட்டுகளை முறுக்கிப் பாருங்கள்.

ஆயிலைக் கவனியுங்கள்

அடுத்து ஆயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஆயில் ஊற்றாமலே அளவு கூடியிருந்து, பெட்ரோல் நெடியும் அடித்தால், டயாபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. தீ விபத்துக்கும் இடமுண்டு. அந்நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். பழுதைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும்.

பெட்ரோல் சரியாக வருகிறதா?

எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில் இச்சோதனையைச் செய்யலாம். அருகில் பீடி, சிகரெட், விளக்கு கூடாது. ஒரு வாளி மணல் இருக்கட்டும். சாவியை அணைத்து, வண்டியை நியூட்ரலில் நிறுத்துங்கள். கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு பாட்டிலில் விட்டு, எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றுங்கள். இரு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் பீய்ச்சி வந்தால் பம்ப் நன்றாக உள்ளது. குமிழி குமிழியாக வந்தால் டேங்க் பக்கக் குழாயில் காற்று புகுகிறது. வராவிட்டால் பில்டர் அடைப்பு, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகே பம்பைக் குறை கூற வேண்டும்.

மின்சார பம்ப் பொருத்தியிருந்தால்

சிலர் பழைய பம்புக்குப் பதில் மின்சார பம்ப் பொருத்தியுள்ளனர். ‘டிக் டிக்’ என ஒலிக்கும் வகையில், சாவி போட்டதும் ஒலி வேகமாகக் கேட்டு, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். வேகம் குறையாவிட்டால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது காற்று புகுகிறது. எஞ்சின் ஓடாதபோதும் விட்டுவிட்டு ஒலித்தால், கார்புரேட்டர் ஊசி வால்வில் கசிவு இருக்கலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ஆம் ஆண்டு அறிமுகமாகி, இப்போது பரவலாகிவிட்டது. கரும்பு உழவருக்கு எத்தனால் நல்ல செய்தியே. ஆனால் பழைய ரப்பர் டயாபிரமும் குழாய்களும் அதில் உப்பியோ வெடித்தோ போகக்கூடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் துருப்பிடித்து, அத்துரு பில்டரை அடைக்கும். எனவே மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் டயாபிரமும் குழாயும் கேட்டு வாங்குங்கள். வண்டியை நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள்.

மேற்கூறிய சோதனைகளுக்கு அரை மணி நேரம் போதும். அவற்றின் முடிவை மெக்கானிக்கிடம் சொன்னால், தேவையற்ற பாகங்களுக்குச் செலவிடுவதைத் தவிர்க்கலாம்.