காலிற் காயமும் வயல் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காலபோக நெல் மாரி மழையை நம்பியது. அக்காலத்திற் கமக்காரர் பல நாட்கள் வெறுங்காலுடன் சேற்றில் நின்று தொழில் புரிகின்றனர். மண்வெட்டி பட்ட வெட்டு, முள் குத்திய துளை, சேற்றுப்புண் ஆகியவற்றைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஏற்பட்ட வெள்ளத்தின் பின்னர், டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டி முதலிய பகுதிகளிற் காய்ச்சல் பரவிச் சிலர் உயிரிழந்தனர். அது எலிக்காய்ச்சல் எனப் பரிசோதனையால் அறியப்பட்டது.

உடல் காக்கும் முறை

தோல் கிழிந்த இடத்தாற் கிருமிகள் உட்புகுந்ததும், அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. வெண்குருதிக் கலங்கள் திரண்டு கிருமிகளை விழுங்குகின்றன. செம்மை, சூடு, வீக்கம், நோ ஆகிய நான்கும் இவ்வெதிர்ப்பின் அடையாளங்களாம். இறந்த கலங்களும் கிருமிகளும் சேர்ந்ததே சீழ்.

எலிக்காய்ச்சற் கிருமி இவ்வாறு தன்னைக் காட்டுவதில்லை. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீருடன் வயல் நீரை அடையும் அது, காயத்தினூடாக இரத்தத்திற் கலந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களின் பின்னரே கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல் ஆகியன தோன்றும். கவனியாது விடின் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் ஆகியன பழுதுறலாம். ஆகவே, சீழ் கொள்ளாத காயம் தீங்கற்றது என எண்ணலாகாது.

மருந்து

பெனிசிலின், டொக்சிசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்கொல்லிகளைத் தொடக்கத்திலேயே பெறின் நோய் தணியும். எனினும் குறித்த அளவு முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். 1941 இல் ஒக்ஸ்போட்டிற் பெனிசிலின் பெற்ற அல்பேட் அலெக்சாண்டர் என்னும் காவலர் சில நாட்களிலேயே தேறினார்; மருந்து தீர்ந்துவிட்டமையால் நோய் மீண்டு இறந்தார்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. காயத்தைச் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, நீர் புகாவண்ணம் கட்டுக. சாணம், சாம்பல் பூசலாகாது.

2. ஆழமான காயத்துக்கு ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என வைத்தியரிடம் கேட்டறிக.

3. வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகித் தடுப்பு மருந்து பெறுக. டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை, உணவின் பின் உட்கொள்ளப்படுவது. கருவுற்றோர் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

4. மாரியில் டெங்குக் காய்ச்சலும் பரவுவதால், காய்ச்சல் கண்டதும் தாமே மருந்து வாங்கி உண்ணாது வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் தவறாது கூறுக.