ஈயக் கோடுகளை அழித்தவர்கள்

இங்கிலாந்தின் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் கிழக்குச் சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது ஒரு ஜன்னல். உலகப் படைப்பு தொடங்கி பைபிளின் கடைசிப் புத்தகம் சொல்லும் உலக முடிவு வரை, 311 வண்ணக் கண்ணாடிப் பேனல்கள். செய்தவர் கோவென்ட்ரி நகரத்து ஜான் தார்ன்டன். 1405-ல் போட்ட ஒப்பந்தம் கறாரானது: மூன்றே ஆண்டில் முடிக்க வேண்டும், முக்கியமான பகுதிகளை அவரே கைப்பட வரைய வேண்டும், மொத்தக் கூலி 56 பவுண்டு. மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. 1408 என்று ஜன்னலின் உச்சியில் ஆண்டையும் போட்டுவிட்டார்.

அதைச் சீர்செய்யத்தான் 2008 முதல் 2018 வரை ஆனது!

அந்தக் காலத்துக் கண்ணாடி மணலையும் மரச்சாம்பலையும் உருக்கிச் செய்தது. சாம்பலிலிருந்து வந்த பொட்டாசியத்தை ஈரம் மெல்ல மெல்லக் கரைத்தெடுக்க, மேற்பரப்பில் குழி விழுகிறது, வெள்ளைப் பொருக்கு படிகிறது. போதாக்குறைக்கு மனிதர்களின் கைவரிசை வேறு. கண்ணாடி விரிசல் விட்டால் அதன் மேலேயே ஓர் ஈயப் பட்டையைக் கொடுத்து இணைப்பதுதான் பழைய வழி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று நல்ல பசை ஏது? ஆனால் நூற்றாண்டுகள் போகப் போக, ஒரு புனிதரின் முகத்தில் கண்ணெது, ஈயமெது என்றே தெரியாத நிலை.

யார்க் கிளேசியர்ஸ் டிரஸ்ட் பட்டறையில் ஒவ்வொரு பேனலையும் பிரித்தார்கள். ஒரு துண்டு, ஒரு நுண்ணோக்கி, ஈரம் தோய்த்த பஞ்சு. தார்ன்டன் தீட்டிய கறுப்புக் கோடு பொருக்கோடு சேர்ந்து பெயர்ந்துவிடக் கூடாது. அதனால் அழுக்கு கொஞ்சம் மிஞ்சினாலும் கையை எடுத்துவிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது. பிறகு விரிசலின் ஓரங்களைப் பசையால் ஒட்டினார்கள். நடுவிலிருந்த ஈயக் கோடு போனதும் முகம் தெளிந்தது.

அதற்காக ஈயத்தை வில்லனாக்கிவிடக் கூடாது. 1984 ஜூலையில் இதே பேராலயத்தின் தெற்குப் பகுதி தீப்பிடித்தது. அங்கிருந்த வட்ட வடிவ ரோஜா ஜன்னல் சுமார் 40,000 இடங்களில் விரிசல் விட்டது, ஆனாலும் விழவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருந்த ஈயச் சட்டங்களை அதற்கு முன்பே புதுப்பித்திருந்தார்கள்!

கிழக்கு ஜன்னலின் பழைய கண்ணாடி இப்போது மழையில் நனைவதில்லை. அது இருந்த இடத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் புதுக் கண்ணாடி நிற்கிறது; அதற்குச் சற்று உள்ளே தள்ளி அசலைப் பொருத்தியிருக்கிறார்கள். இடைவெளியில் ஆலயத்தின் காற்று புழங்குவதால் பழைய கண்ணாடியில் ஈரம் படிவதில்லை. கதிரைத் தடுப்பதற்குக் காரணம், ஒட்டிய பசை. வெயில் பட்டால் நாளடைவில் அது கெட்டுப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலின் பழைய அழகு சற்றுக் குறைவுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயுள் கூடுகிறதே, போகட்டும்.

2021-ல் பட்டறையின் மேசைக்கு அடுத்த வேலை வந்தது: அதே பேராலயத்தின் 15-ஆம் நூற்றாண்டுப் புனித கத்பர்ட் ஜன்னல்.