தலையில் லேசான அடிதானே? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏன் அலட்சியம் காட்டக் கூடாது?

காஞ்சிபுரம்: குழித்தறியிலிருந்து எழும்போது தறிக்கட்டையில் தலை இடிப்பதும், கோயில் குளத்துப் படியில் வழுக்கி விழுவதும் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. ‘மயக்கம் வரல, வாந்தி வரல, ரத்தமும் வரல. அப்புறம் என்ன?’ என்று தைலத்தைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பலருக்கு அது அத்தோடு சரியாகியும் விடும். ஆனால், வீட்டு மாத்திரை டப்பாவில் அசிட்ரோமோ வார்ஃபரினோ இருந்தால் கணக்கு வேறு.

எந்த மாத்திரைகள்?

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள், சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள், கால் நரம்பில் ரத்தம் கட்டியவர்கள் ஆகியோருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தரப்படுகிறது. அசிட்ரோம், வார்ஃபரின் பழைய வகை. டாபிகட்ரான், ரிவராக்சபன், அபிக்சபன் புதிய வகை. ‘ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை’ என்று சொன்னாலும், ரத்தம் நீர்த்துப் போவதில்லை. உறைவதற்கு அதிக நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் வேறு வகை. அவற்றைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தலைக்குள் என்ன நடக்கிறது?

வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்கும். மூளைக்கும் அதன் மேலுறைக்கும் இடையே செல்லும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அதிர்ச்சியே அவற்றைக் கிழித்துவிடலாம். மற்றவர்களுக்கு விரைவில் நின்றுவிடும் கசிவு, இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தொடர்ந்து கசிந்து மூளையை அழுத்தலாம். அறிகுறி சில மணி நேரத்திலும் வரும். சில வாரம் கழித்தும் வரும். முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜிக்கு 2020 ஆகஸ்டில், 84 வயதில், டெல்லி வீட்டில் தவறி விழுந்த பிறகுதான் மூளையில் ரத்தக்கட்டி கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. முதுமையில் வீட்டுக்குள் விழுவதும் சாதாரண விஷயமல்ல.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையா?

இந்த மாத்திரை சாப்பிடுபவர்களிலும் பெரும்பாலானோருக்கு ஸ்கேனில் ரத்தக் கசிவு இருக்காது. யாருக்கு இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் சிடி ஸ்கேன் எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ மாற்ற நேர்ந்தால் பயண நேரமும் சேரும். எனவே, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

* மருத்துவமனையில் முதல் வார்த்தையாக மாத்திரையின் பெயரையும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். மாத்திரை அட்டை, பிடி-ஐஎன்ஆர் பரிசோதனைச் சீட்டு இரண்டையும் கொண்டு செல்லுங்கள்.

* வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடும் பலருக்கு ஐஎன்ஆர் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். சில செயற்கை வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதல். அதைத் தாண்டினால் ரத்தக் கசிவு ஆபத்து ஏறும்.

* வலிக்கிறதே என்று டைக்லோஃபினாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவை அவை கூட்டலாம்.

* பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. வால்வில் ரத்தம் கட்டினாலோ பக்கவாதம் வந்தாலோ அதுவும் உயிருக்கு ஆபத்து. அடுத்த வேளை போடலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்தக் கசிவு இருந்தால், மருந்தின் வேலையை முறியடிக்க வைட்டமின் கே உள்ளிட்ட சிகிச்சைகள் உள்ளன.

ஸ்கேன் நார்மல் என்றால்?

பெரும்பாலும் நிம்மதிதான். ஆனாலும், முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருப்பது நல்லது. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். அடுத்த சில வாரங்களில் தாத்தாவோ பாட்டியோ நடையில் தள்ளாடினால், பேச்சில் தடுமாறினால், ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்குத் தலையில் இடித்துக்கொண்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.