காது கேட்கும் கருவி: விலைக்கு முன் பரிசோதனை

"பேசுவது காதில் விழுகிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை." வயது முதிர்ந்தோர் பலர் இவ்வாறு கூறக் கேட்டிருப்போம். இதில் முரண்பாடு ஏதுமில்லை. முதுமையில் உட்செவியின் நுண்ணிய மயிர்ச் செல்கள் சிதையும்போது, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரொலிகள் ஓரளவு கேட்கும்; சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகள் நழுவிவிடும். பத்து, பட்டு, பற்று மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும். வங்கியில் இது சிறிய செய்தியன்று. வைப்புத்தொகையின் காலமும் வட்டியும் விளக்கப்படும்போது, மறுபடியும் கேட்கக் கூசித் தலையசைத்துக் கையொப்பமிடும் மூத்த வாடிக்கையாளர்களைக் கவுண்ட்டரில் நாங்கள் காண்கிறோம். விவரங்களை எழுதித் தரும்படி அவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

வங்கியில் எழுதிக் காட்டலாம். வீட்டில் பேரக்குழந்தையின் மழலையை யார் எழுதிக் காட்டுவது? கேளாமையைக் கவனியாது விட்டவர் மெல்ல மெல்ல உரையாடலிலிருந்தே ஒதுங்கிவிடுகிறார். மறதிநோயை ஆராய்ந்த லான்செட் குழு, அந்நோய்க்கான மாற்றத்தக்க காரணிகளுள் ஒன்றாகச் செவித்திறன் குறைவைச் சேர்த்துள்ளது. மூக்குக்கண்ணாடி அணியக் கூசாத நாம் காதுக் கருவிக்கு மட்டும் கூசுவது வியப்பே.

மைசூரு வாடிக்கையாளர்களுக்கு இவ்வகையில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. உள்ளூரில் 'ஆயிஷ்' என்று அழைக்கப்படும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் மானசகங்கோத்திரியில் உள்ளது. 1960களின் நடுவில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. சத்தியமங்கலம், உதகை பகுதிகளில் உள்ளோருக்கும் இது எட்டும் தொலைவே.

எங்கு சென்றாலும் வரிசை மாறக்கூடாது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், பிறகே கருவி. குறும்பி அடைத்திருந்தாலோ, செவிப்பறையில் துளை இருந்தாலோ சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். சில நாள் தாமதமும் மீட்க இயலாத இழப்பாகலாம். அடுத்து, ஒலி புகாத அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று அளந்து ஆடியோகிராம் வரைவார்கள். சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவோர், தமிழ்ச் சொற்பட்டியலைக் கொண்டு சோதிக்க இயலுமா என்று கேட்பது நன்று. அரைகுறையாக அறிந்த மொழியில் சோதித்தால், குறை காதிலா மொழியிலா என்பது தெளிவாகாது.

இந்த வரைபடமே கருவியைத் தீர்மானிக்க வேண்டும், விலைப்பட்டியல் அன்று. காதுக்குள் மறையும் சிறு கருவியையே பலர் விரும்புகின்றனர். ஆனால் கடுமையான குறைபாட்டுக்கு, அச்செடுத்த காது மோல்டுடன் காதின் பின்புறம் அணியும் கருவியே பெரும்பாலும் பொருந்தும். விரல் நடுக்கம் உள்ளவர் பொத்தானினும் சிறிய பேட்டரியை மாற்றுவது எளிதன்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லா ஒலியையும் ஒரேயடியாகப் பெருக்கும் மலிவான ஒலிபெருக்கிகள், எஞ்சிய செவித்திறனையும் கெடுக்கக்கூடும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட் ஒருவர் பொருத்த, சில நாள் அணிந்து பார்த்த பின்னரே பணம் செலுத்துவது நல்லது. இரு காதிலும் குறை இருப்பின் இரண்டிலும் அணிவதே பொதுவாகப் பயன் தரும்.

விலை சில ஆயிரத்தில் தொடங்கிச் சில இலட்சம் வரை செல்கிறது. கருவிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ரசீதில் அது சேர்ந்திருந்தால் காரணம் கேளுங்கள். 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனச் சான்றிதழ் உடையோர், 'அடிப்' எனப்படும் மத்திய அரசுத் திட்டத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டு இலவசமாகவோ பாதி விலையிலோ கருவி பெறலாம். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போர்க்கு இச்சான்றிதழின் பேரில் 75,000 ரூபாய் கழிவும் உண்டு. 80 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் 1,25,000 ரூபாய். மிதமான குறைபாடு உடைய முதியோர் பலர் இந்த வரம்புக்குள் வரமாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் சொந்தச் சேமிப்பையே நம்ப வேண்டியிருப்பதால், தேவையற்ற வசதிகளுக்குப் பணம் கொடாமல் இருப்பது மேலும் முக்கியமாகிறது. செல்பேசியை அரிதாகவே பயன்படுத்துபவருக்குப் புளூடூத் எதற்கு?

வாங்கிய கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடுவதே பெரிய இழப்பு. முதல் நாளே திருமண மண்டபத்திற்கு அணிந்து சென்றால் பாத்திர ஓசையும் நாதசுரமும் தலையைப் பிளக்கும். கருவி மீதே வெறுப்பு வந்துவிடும். அமைதியான வீட்டில், ஒருவரோடு பேசும்போது, நாளுக்கு ஓரிரு மணி நேரம் எனத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். மறந்துபோன ஒலிகளை மூளை மீண்டும் பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் ஓரிரு முறை ஆடியாலஜிஸ்டிடம் சென்று ஒலி அமைப்பைத் திருத்திக்கொள்வது இயல்பே.

இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் இட்ட சிறு டப்பாவில் கருவியை வையுங்கள். வியர்வையும் மழைக்கால ஈரமுமே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம். துத்தநாகப் பேட்டரியின் மேலுள்ள வண்ண ஒட்டுத்தாளை உரித்தவுடன் காற்றுப்பட்டு அது செயல்படத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினாலும் சேமிப்பாகாது. பேட்டரி வாங்கும்போது அத்தாளின் நிறத்தைச் சொன்னால் போதும்: 10ஆம் எண் மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம்.