தேனீக்களின் உலகம் – 14: கண்ணாடிப் பெட்டிக்குக் குளிர்காலம் ஆகாது

சென்ற வாரம் பிரான்சுவா ஹியூபரைப் பார்த்தோம். பார்வை இழந்த அந்த ஜெனீவாக்காரர் 1789இல் அமைத்த பெட்டியில் சட்டங்களுக்குக் கீல் உண்டு; ஒவ்வொன்றாக விரித்து உதவியாளர் பர்னன்ஸ் பார்த்துச் சொல்வார். பார்த்து முடித்ததும் மூடிவிட்டால் அடைகள் பழையபடி நெருங்கி நின்றுகொள்ளும். இன்று அருங்காட்சியகங்களிலும் பள்ளிகளிலும் வைக்கும் பார்வைப் பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒற்றை அடையின் கனம்தான். ராணி எங்கே போனாலும் நம் கண்ணுக்குத் தப்ப முடியாது. கோடையில் இதைப்போல ஒரு பாடசாலை வேறில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் நவம்பர் பிறந்துவிட்டால், அந்த ஒல்லி உடம்பே தேனீக்களுக்கு எமனாகிவிடுகிறது.

தேனீ குளிர்காலத்தில் உறங்குவதில்லை. சுமார் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்கியதும் கூட்டம் திரளத் தொடங்கும். வெளிச்சுற்றில் நிற்பவை தலையை உள்பக்கம் வைத்து ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பவை இறக்கையை அசைக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும். அதற்குத் தேன்தான் விறகு. புழுக்கள் இருந்துவிட்டால் நடுப்பகுதி 34, 35 டிகிரியில் நின்றாக வேண்டும். பல அடைகளின் இடுக்குகளில் பரவிய இந்தத் திரள் மொத்தத்தில் ஓர் உருண்டையாக அமைவதில்தான் சூட்சுமம். உருண்டைக்கு வெளிப்பரப்பு குறைவு, சூடு வீணாவதும் குறைவு. ஒற்றை அடையில் உருண்டைக்கு வழியில்லை. இருபுறமும் அப்பளம்போலத் தட்டையாகக் கண்ணாடியை ஒட்டிக் கிடக்க வேண்டியதுதான்.

கடுங்குளிரில் சிறிய திரள் இடம்விட்டு நகராது. இரண்டு விரல் தள்ளி, மெழுகு மூடியிட்ட தேன் அப்படியே இருக்கும். தேனீக்களோ காலி அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி வரிசையாகச் செத்திருக்கும்; வயிற்றின் நுனியும் இறக்கையும் மட்டும் வெளியே தெரியும். பட்டினிச் சாவு, அதுவும் தேன் பக்கத்திலேயே இருக்க.

சூடான அறைக்குள் வைத்தாலும் விடிவதில்லை. திரள் கலைந்துவிடும், தீனி கூடும், ராணி வசந்தம் வந்ததுபோல முன்கூட்டியே முட்டையிடுவாள். பெட்டியை வெளியோடு இணைக்கும் குழாய் வழியாகப் போகும் தேனீ குளிரில் உடம்பு விறைத்து விழுந்துவிடும். சுமார் 10 டிகிரிக்கு உடல் குளிர்ந்தால் அதால் அசையவே முடியாது. ஆனால் குழாயை அடைத்துவிடவும் கூடாது. தேனீ கூட்டுக்குள் மலம் கழிக்காது. வாரக்கணக்கில் அடக்கிவைத்து, வெயிலடிக்கும் ஒரு நாளில் பறந்து போய்த்தான் கழிக்கும். பனியில் சிதறிக் கிடக்கும் மஞ்சள் பொட்டுகளைப் பார்த்து வளர்ப்போர் மகிழ்வது அதனால்தான்.

தீனிக் கணக்கும் இடிக்கிறது. குளிர் மிகுந்த பகுதிகளில் ஒரு முழுப் பெட்டிக்கு 30, 40 கிலோ தேனை விட்டுவைக்கிறார்கள். ஒரு பெரிய சட்டம் நிறைந்தாலும் ஏறக்குறைய 3 கிலோதான். பாகு ஊற்றி ஊற்றி ஓட்டிவிடலாம் என்பவர்கள் உண்டு. நான்கைந்து சட்டம் கொண்ட பெரிய பார்வைப் பெட்டியில், கண்ணாடிமேல் கனத்த தெர்மாகோல் பலகை பொருத்திக் காப்பாற்றியவர்களும் உண்டு. ஓரிரண்டு சட்டப் பெட்டியில் அந்தப் பிடிவாதம் வேண்டாம் என்பேன். பார்க்கும் ஆசை நம்முடையது. அதற்கு விலை கொடுப்பது ஆறு மாதம் உயிர் வாழும்படி கொழுப்புச் சேர்த்துப் பிறந்த குளிர்காலத் தேனீக்கள்.

இலையுதிர் காலத்திலேயே அவற்றைப் பெரிய குடும்பம் ஒன்றோடு சேர்த்துவிடுவது நல்லது. இரண்டு ராணிகளில் ஒன்றை முதலில் விலக்க வேண்டும். பிறகு பெரிய பெட்டியின்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, லேசாகக் கீறிவிட்டு, அதன்மேல் காலிப் பெட்டி வைத்து, கண்ணாடிப் பெட்டியின் சட்டங்களைத் தேனீக்களோடு அதில் இறக்குவார்கள். நேரே கலந்தால் சண்டை வரும். இரு தரப்பும் தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் வாசனை கலந்துவிடும். சில நாளில் வாசலில் காகிதத் துணுக்குகள் வந்து விழுந்தால், சேர்க்கை முடிந்தது. வசந்தத்தில் அதே பெட்டியிலிருந்து ராணியோடு ஒரு சட்டத்தை எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துக்கொள்ளலாம்.